காற்றை இறக்கக் கூடாது

"இறுக்குற," என்றார் அப்பா.

கார் நிறுத்தும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காரில் கட்டப்போகும் அப்பாவின் சைக்கிளுடைய இடது பெடலில் ஸ்பேனரை மாட்டி, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு திருகிக்கொண்டிருந்தான். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை நாள் பயணத் தூரத்தில், எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் படுத்திருந்த மனிதருக்கு இங்கே ஸ்பேனர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது எப்படியோ தெரிந்துவிட்டது.

"கழட்டிட்டுத்தாம்ப்பா இருக்கேன்."

"கழட்டுறப்போ அந்தச் சத்தம் வராது. இடது பெடலுக்கு மரை தலைகீழா இருக்கும்னு உனக்கு எத்தனை தடவ சொல்றது? உலகத்துல எல்லாத் திருகும் ஒரு பக்கம்னா இது மறுபக்கம். மாத்தித் திருப்பு."

மாத்தித் திருப்பினான். இரண்டாவது முயற்சியிலேயே வெண்ணெயாக இளகி வந்தது. மனைவி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"கழண்டுச்சா?"

"ம்."

"கழண்டுரும்," என்ற அப்பா, அந்த வெற்றியைக் கொண்டாட முடியாமல் இருமத் தொடங்கினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அம்மா போனை வாங்கி, "போதும்டா, அப்புறம் பேசிக்கலாம்," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "செயின் இருக்குற பக்கம் வெளிய பாத்து இருக்கணும்னு சொல்லு. உள்பக்கம் வெச்சான்னா காரெல்லாம் கிரீஸாக்கிடுவான்."

அப்பாவை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஸ்பேனர்' என்றால்தான் தெரியும். சைக்கிள் உதிரிபாகக் கடை ஒன்றில் கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவர். டியூப் வாங்க வந்தவனுக்கு டியூபோடு அரை மணி நேர அறிவுரையும் கட்டிக் கொடுப்பார். பூட்டு வாங்க வந்தவனிடம் சைக்கிளை விட்டுவிட்டு சக்கரத்தை மட்டும் பூட்டாதே, திருடன் சக்கரத்தை உனக்கே தானம் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போவான் என்பார். கடையை விட்டு வந்தாலும் வாய் ஓயாது. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கும் சைக்கிளின் டயரைக் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். காற்றில்லையென்றால் அந்த வீட்டு ஆட்களைப் பற்றியே அவருக்கு ஓர் இளக்காரம் வந்துவிடும். மகன் கல்யாணத்துக்கு எல்லோரும் என்னென்னவோ கொடுத்தபோது அவர் கொடுத்தது ஒரு நல்ல கைப் பம்பு.

அந்தக் கைப் பம்பும் இப்போது அப்பாவின் சைக்கிளில்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவனோடு தங்கலாம் என்று வந்தபோது சைக்கிளையும் எடுத்து வந்தார். உடம்பு சரியில்லாமல் போய் அவசரமாக ஊர் திரும்பியபோது அது இங்கேயே பால்கனியில் தங்கிவிட்டது. போன வாரம் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வசதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். என்ன வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்னதை அவள் கொஞ்சம் வெட்கத்தோடுதான் மகனிடம் சொன்னாள்.

"சைக்கிளப் பாக்கணுமாம்டா. பின் பிரேக் கட்டை தேஞ்சிருக்கும், மாத்தணும்ங்குறார். கட்டையெல்லாம் வாங்கி வெச்சாச்சு."

"என்னப் பாக்கணும்னு சொல்லலியா?"

"நீ இல்லாம அது எப்படி வரும்?"

நியாயமான பதில். அவன் லீவு போட்டான். மகளுக்கு அன்று பரீட்சை, மனைவியும் மகளும் மறுநாள் ரயிலில் வருவதென்று முடிவாயிற்று. உயிரோடு இருக்கும்போதே சைக்கிளைக் கொண்டுபோய் அப்பா கண்ணில் காட்டிவிட வேண்டும். அதற்கு மேல் அவன் வேறெதையும் யோசித்துக்கொள்ளவில்லை.

காருக்குப் பின்னால் மாட்டும் கேரியரைத் தேர்ந்தெடுத்ததும் அப்பாதான். சைக்கிளின் இரண்டு சக்கரங்களும் உட்கார இரண்டு தகரத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் டயரைச் சுற்றி இழுத்துக் கட்ட ஒரு பட்டை. கூரைக் கேரியர்தான் மலிவு என்று அவன் சொன்னபோது, "கூரையில வெச்சா மறந்துட்டு எங்கயாவது தாழ்வான கேட்டுக்குள்ள விட்டுருவ," என்றார். அதை அவனால் மறுக்க முடியவில்லை. மோதி நசுங்கிய கார்களைப் பார்த்து, எது எப்படி நேர்ந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் சர்வேயர் வேலை அவனுக்கு. கூரையில் சைக்கிளோடு கார் நிறுத்தும் அடித்தளத்துக்குள் இறங்கி, காரையும் சைக்கிளையும் ஒருசேர முடித்துவிட்டு முழித்த கனவான்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். அப்பாவும் மகனும் ஒத்துப்போன விஷயங்கள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

இன்னொன்று, காற்று. காரில் கட்டினாலும் பஸ் கூரையில் ஏற்றினாலும் சைக்கிள் டயரில் காற்றை இறக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டங்களிலேயே பெரிய சட்டம். காற்று இருந்தால்தான் பட்டை பிடிக்கும். இறக்கிவிட்டால் பட்டை தளர்ந்து வண்டி ஆடும், ரிம் டியூபைக் கடிக்கும். விமானத்தில் வேண்டுமானால் இறக்கச் சொல்வார்கள், அதையும் அவர்கள் சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும். ஒருமுறை பார்சல் ஆபீஸில் யாரோ அதிகப்பிரசங்கி கடைக்கு வந்த புதுச் சைக்கிள்களின் காற்றையெல்லாம் பிடுங்கிவிட, அப்பா அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்த ஆளே எல்லா டயருக்கும் காற்றடித்து முடிக்கும்வரை நகரவில்லை. இந்தக் கதையை அவர் சொல்லாத விருந்தாளி கிடையாது. 'காத்து' என்று அவர் வாயைத் திறந்த உடனே அம்மா காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு எழுந்து போய்விடுவாள்.

மனைவி சாமான்களை முன் சீட்டில் வைத்தாள். தண்ணீர் பாட்டில், முன் விளக்கு, பம்பு, சீட்டுக்கடியில் தொங்கும் சிறு பை, கழற்றிய பெடல்கள். "பாத்துப் போங்க," என்றாள். "அவசரப்படாதீங்க. நீங்களே ஊருக்கெல்லாம் சொல்றவர்."

ஊருக்குச் சொல்வது உண்மைதான். போன விடுமுறையில் சாப்பிடும்போது அம்மாவிடம்கூடச் சொன்னான். ஒருத்தன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது போனில் தங்கை செத்த சேதி வந்திருக்கிறது. போனைக் கையில் வைத்தபடியே லாரிக்கு அடியில் போயிருக்கிறான். அந்தக் காரின் முன்பாதியை இவன்தான் அளந்து எழுதினான். "ஓட்டிட்டு இருக்குறவன்கிட்ட என்ன வேணா சொல்லலாம்மா, சாவுச் சேதி மட்டும் சொல்லவே கூடாது." அவன் தொழில் கதைகள் எதற்கும் காது கொடுக்காத அம்மா, அன்று பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு நின்று கேட்டாள்.

ஊர் எல்லையைத் தாண்டிய கையோடு போன் வந்தது. கார் ஸ்பீக்கரில் அப்பா.

"ஒரு தடவ நிறுத்திப் பாத்தியா?"

"இப்பத்தாம்ப்பா கிளம்பியிருக்கேன்."

"இப்பத்தான் பாக்கணும். கட்டின பட்டை மொதல்ல கொஞ்சம் இளகும். அப்புறம் இழுத்துட்டா ஊர் வரைக்கும் நிக்கும்."

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தான். பின் சக்கரத்துப் பட்டையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்ச்சி. இழுத்து இறுக்கினான். அவர் சொன்னது சரியாகப் போவதுகூடப் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் சரியாகப் போவதுதான் எரிச்சல்.

"இளகியிருந்துச்சா?"

"லேசா."

"ம். சைலன்சர் எந்தப் பக்கம்? அதுக்கு நேரா டயர் இருந்தா சூட்டுல வெடிச்சிரும்."

"தள்ளித்தான் இருக்கு."

"சரி, வா. அவசரமில்ல. நான் எங்கயும் எந்திரிச்சுப் போயிடப் போறதில்ல."

இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவர் நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

அடுத்த அழைப்பு வந்தபோது அவன் பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றான். பேசியது அம்மா. அப்பா பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். குரல் மெலிந்திருந்தாலும் அதிகாரம் குறையவில்லை.

"பாட்டில் கழட்டி வெச்சியான்னு கேக்குறார்."

"பாட்டில் மட்டுமா," என்றது பின்னாலிருந்த குரல். "பம்பு... லைட்டு... ஆடுற எதுவும் வண்டியில இருக்கக் கூடாது."

"எல்லாம் கழட்டியாச்சும்மா. மணி மட்டும்தான் இருக்கு. அதையும் கழட்டணுமான்னு கேளு."

அம்மா கேட்டாள். ஒரு டம்ளர் மேஜையில் வைக்கப்படும் ஒலி கேட்டது.

"மணிய விட்டுரு," என்றார் அப்பா. "அது கழண்டு விழாது."

பெட்ரோல் போடும் பெண் கண்ணாடியைத் தட்டினாள். பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பதாக அம்மாவிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டு மூடியைத் திறந்தான்.

சாலை நீளமாகவும் சுவாரசியமில்லாமலும் இருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் மணி தானாக ஒரு முறை 'ணங்' என்றது. ஒரு டீக்கடையில் நிறுத்தி, டீயைக் கையில் வைத்துக்கொண்டே பட்டைகளைச் சோதித்தான். கெட்டியாக இருந்தன. பின்னால் வந்த காரின் டிரைவர் ஒருவர் சைக்கிளைச் சுற்றி வந்து, நம்பர் பலகை மறையாமல் நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். அப்பா கட்டச் சொன்னபடி என்று சொல்ல வந்தவன் நன்றி என்று மட்டும் சொன்னான்.

காரில் ஏறியதும் அம்மா.

"பட்டையோட நுனியெல்லாம் முடிஞ்சு விட்டியான்னு கேக்குறார். காத்துல படபடன்னு அடிச்சு வண்டியக் கீறிடுமாம்."

"முடிஞ்சுட்டேன். அவர்கிட்ட குடு."

"இப்பத்தான் கேட்டுட்டுக் கண்ணசந்தார். எழுப்ப வேணாம்."

"மூச்சு எப்படி இருக்கு?"

"இருக்கு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

அப்பாவின் அறையில் எப்போதும் ஓடும் பழைய மின்விசிறியின் கிரீச்சொலி இப்போது கேட்கவில்லை. அணைத்துவிட்டார்களோ என்று நினைத்தான். அதற்கு மேல் அந்த நினைப்பைப் போக விடவில்லை. கொஞ்ச தூரம் வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினான். பிறகு தானே குறைத்துக்கொண்டான்.

இருபுறமும் ஆள் நடமாட்டமில்லாத ஓர் இடத்தில் மறுபடி போன் அடித்தது.

"சொல்லும்மா."

"அப்பா கேக்குறார்." அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "டயர்ல காத்தெல்லாம் இறக்கிட்டியான்னு கேக்குறார்டா. இறக்கிட்டுத்தான் கட்டணுமாம்."

முன்னால் போன லாரிக்கும் தனக்கும் நடுவே இடைவெளி போதுமா என்று பார்த்தான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான். சைக்கிளின் கைப்பிடி நேராக, அசையாமல் நின்றது.

"இறக்கிட்டேன்னு சொல்லும்மா."

"சொல்றேன்."

"ஏற்கெனவே இறக்கிட்டுத்தான் கட்டினேன்னு சொல்லு."

"சரிப்பா. மெதுவா வா. ஒண்ணும் அவசரமில்ல."

அவன் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். கடந்துபோகும் ஒவ்வொரு லாரிக்கும் கார் லேசாக ஆடியது. அப்பா உயிரோடு இருந்தால் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்திருக்காது. காய்ச்சலில் பிதற்றினாலும் வந்திருக்காது. அம்மாவுக்கு அது தெரியாது. வருடக்கணக்காக அந்தக் கதை தொடங்கியதும் தட்டுகளோடு எழுந்து போனவளுக்குக் காற்று, இறக்குவது என்ற இரண்டு சொற்கள்தான் நினைவில் தங்கியிருக்க வேண்டும். மகன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். மகனே சொல்லியிருக்கிறான், சாவுச் சேதி மட்டும் சொல்லக் கூடாதென்று. அப்பாவைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, அவர் கேட்பார் என்று அவளுக்குத் தோன்றியதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி வேகமாகப் போக வேண்டியதில்லை என்பதுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அதற்காகத் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது. அப்புறம், அப்பாவின் குரலில் கடைசியாகக் காதில் விழுந்தது மணியைப் பற்றி என்பது நினைவுக்கு வந்தது. மணியை விட்டுவிடு, அது கழன்று விழாது. ஒரு மனிதன் மகனிடம் சொல்லிவிட்டுப் போவதற்கு இதைவிட மேலான எதையாவது யோசிக்க அப்பாவுக்கு அவகாசம் இருந்திருந்தாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். இறங்கிப்போய்ப் பட்டைகளை இழுத்துப் பார்த்தான். இறுக்கமாக இருந்தன. முன் டயரைக் கட்டை விரலால் அழுத்தினான். கல்லாக இருந்தது.

மனைவிக்குப் போன் செய்தான்.

"சாப்டீங்களா?" என்றாள் எடுத்ததும்.

"டீ குடிச்சேன். உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி."

காலையில் சளி இல்லை. "மருந்து சாப்பிடு," என்றான். "பாப்பா பரீட்சை எப்படி எழுதினாளாம்?"

"நல்லா எழுதியிருக்கா." ஒரு கணம் தயங்கினாள். "நாங்க நாளைக்கு வரல. இன்னிக்கு சாயந்தர வண்டிக்கே வர்றோம். சும்மாதான்."

"வாங்க," என்றான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பாவம் இன்னொரு பொய்யைத் தேட வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு அம்மா அடிக்கடி கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் அப்பா எதையாவது கேட்டார். சீட்டுக்கு மழை உறை போட்டாயா என்று கேட்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டாயா என்று கேட்டார். பின் கேரியரில் ஏதாவது மூட்டை வைத்திருக்கிறாயா என்றார். அம்மா சைக்கிளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் தேடித் தேடிக் கொண்டுவருவது அவனுக்குக் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆச்சு என்றான்.

"செயின்ல எண்ணெய் ஜாஸ்தியா விடக் கூடாதுன்னு சொல்வாரேம்மா. தூசி ஒட்டும்னு. துணியால தொடச்சுட்டேன்னு சொல்லு."

"தொடச்சுட்டியா? சொல்றேன். சந்தோஷப்படுவார்."

"வேற என்ன கேக்குறார்?"

யாரோ உள்ளே வருவதும், அவள் கையால் போனைப் பொத்துவதும், நாற்காலிகள் இழுபடுவதும் கேட்டன.

"எங்க வந்துட்டிருக்கான்னு கேக்குறார்."

"பாலம் தாண்டிட்டேன்னு சொல்லு."

பாலத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. அப்பாவிடம் எப்போதுமே அவன் தான் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளித்தான் சொல்வான்.

தெருமுனையை அடைந்தபோது வெயில் தணிந்திருந்தது. வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற ஆட்கள், வாசலில் நிறைய செருப்புகள். அவன் திரும்பாமல், அடைத்திருந்த ஒரு கடைக்கு முன்னால் காரை நிறுத்தினான். வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

அம்மா டயரை அழுத்திப் பார்ப்பாளா மாட்டாளா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அழுத்திப் பார்த்து அது கல்லாக இருந்தால், நாள் முழுக்க அவள் பட்ட பாடு வீண் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். இறக்கிட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. சொன்னது சொன்னபடி இருக்கட்டும்.

முன் சக்கரத்து வால்வின் மூடியைத் திருகி எடுத்து, நடுவிலிருந்த ஊசியை நகத்தால் அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வந்து, பிறகு தணிந்து, நெடுநேரம் கழித்து நின்றது. பின் சக்கரத்துக்கு வந்தான். அது இன்னும் நேரமெடுத்தது. ஊசியை அழுத்தியிருந்த விரல் நுனி குளிர்ந்து போயிற்று. அந்த வழியாகப் போன பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "பங்சரா?" என்று கேட்டார். "இல்ல," என்றான். அவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு பட்டைகளும் தொளதொளவென்று ஆகியிருந்தன. தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் இருந்த அந்தச் சின்னத் தூரத்துக்குள் சைக்கிள் தொட்டியில் அப்படியும் இப்படியும் ஆடி, மணி விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்தப்பாதான் முதலில் வந்து கார் கதவைத் திறந்தார். அண்ணன் போலவே நெற்றி, அதே காது. தோளைப் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டாருடா."

அவன் தலையாட்டினான். "எப்போ?"

"நீ பெட்ரோல் போட்டுட்டு இருக்கேன்னு சொன்னியாமே, அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு. பேசிட்டே இருந்தவர்தான். அண்ணி உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டாங்க. உன் பொண்டாட்டிக்கும் நான்தான் சொன்னேன். யாரும் உனக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு எல்லாரையும் ஒரே அதட்டு."

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைத் துணி கழுத்து வரை இருந்தது. அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், போனை மடியில் கவிழ்த்து வைத்து. அவனைப் பார்த்தும் எழவில்லை, அழவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஜன்னல் விளிம்பில் மாத்திரை அட்டைகளுக்கு நடுவே பிரிக்காத பாக்கெட்டில் ஒரு ஜோடி பிரேக் கட்டை இருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த அப்பாவின் வலது கையில், எத்தனை சோப்புப் போட்டும் போகாத கருப்புக் கோடு கட்டை விரல் நகத்துக்குள் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவன் அழுதான். அம்மா அவன் தலையில் கை வைத்திருந்தாள்.

வெளியே சித்தப்பாவின் குரல் உயர்ந்தது.

"என்னடா இது, ரெண்டு டயர்லயும் பொட்டுக் காத்தில்ல! இப்படியா அவ்வளவு தூரம் கட்டி எடுத்துட்டு வருவ? அண்ணன் மட்டும் இதப் பாத்திருந்தா..."

அம்மாவின் கை அவன் தலையிலிருந்து எடுபட்டது. அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அவனும் பின்னால் போனான். சித்தப்பா சைக்கிளைக் கேரியரிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்திருந்தார். சக்கரங்கள் தரையில் சப்பையாகப் படிந்திருந்தன.

"அவனத் திட்டாதீங்க," என்றாள் அம்மா. "நான்தான் இறக்கச் சொன்னேன்."

"நீங்களா? எதுக்கு அண்ணி?"

அம்மா மகனைப் பார்த்தாள்.

"இறக்கக் கூடாதா?"

"கூடாதும்மா."

"அவர் சொல்வாரே, அந்தப் பார்சல் ஆபீஸ் கதை. அது இதுதானா?"

"இதுதான்."

"எங்க இறக்கின?"

அவன் தெருமுனைப் பக்கம் கையைக் காட்டினான்.

அம்மா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அடைத்த கடை, அதற்கு முன்னால் வெறும் தெரு. பார்த்து முடித்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் புரிந்துபோன முகம் அது.

"பம்பு எங்க?"

"முன் சீட்டுல."

"எடுத்துட்டு வா. இப்படியே கிடந்தா நல்லா இருக்காது."

வந்திருந்தவர்கள் வழிவிட்டு நாற்காலிகளை நகர்த்திக்கொண்டார்கள். அவன் பம்பை வால்வில் மாட்டி அடிக்கத் தொடங்கினான். பெடல் இல்லாத சைக்கிள் சுவரில் சறுக்கப் பார்த்தது. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, போதுமா என்பதுபோல் நிமிர்ந்தான். அவள் குனிந்து, ஒரு கையால் கைப்பிடியை விடாமல், மறு கையின் கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்தாள். எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இன்னொரு முறை அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.

அவன் மறுபடி அடிக்கத் தொடங்கினான்.